மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு மடல்

தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு நடுகற்கள் புதியவை அல்ல. அரூர்ப் பக்கத்திலும் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலும் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் அக்கற்களை ‘வேடியப்பன்’ என்று சொல்லி இன்றும் பொங்கல் வைப்போர் உண்டு. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரனின் பெயரும் அவனை ஆண்ட மன்னனின் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்து நாம் பள்ளியில் பயின்ற எழுத்தன்று. வட்டெழுத்து எனப்படும் பழந்தமிழ் எழுத்து. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் அதனைக் கண்டிருப்பார்கள்.

இதே வட்டெழுத்தில், மலையாளம் தனிமொழியாகப் பிரிந்து கொண்டிருந்த காலத்துத் தமிழில், ஒரு யூதருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட செப்பேடு ஒன்று உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், யூதரின் செபக்கூடத்தில் அது தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்தது. அச்செப்பேட்டை ஆதாரமாக வைத்துத் தம் மக்களின் வரலாற்றை எழுத முயன்ற எசெக்கியேல் ரஹபி என்னும் கொச்சி வணிகரைப் பற்றியே இத்திங்கள் எழுத எண்ணுகிறோம்.

இதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் நம் உபதேசியார். “சாமி, வேதாகமத்துல வர்ற யூதருங்க நம்ம நாட்டுப் பக்கம் எப்பவாச்சும் இருந்திருக்காங்களா?” என்று ஒரு நாள் கேட்டார். இருந்தார்கள் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டோம். ஆயின் அவர்கள் எப்படி இருந்தார்கள், அவர்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்ற கதை ஒரு சொல்லில் அடங்குவதன்று. அதில் கத்தோலிக்கராகிய நமக்கும் பங்குண்டு. அப்பங்கு பெருமைக்குரியதாக இல்லை என்பதை முன்னரே சொல்லி வைக்கிறோம்.

முதலில் அக்காலத்துச் சூழ்நிலையைச் சிறிது காண்போம். 1492ஆம் ஆண்டு இஸ்பானிய அரசு, திருமுழுக்குப் பெற மறுத்த யூதர் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. அதுவரை யூத அறிஞர் பெரும்பாலும் திருச்சட்டத்துக்கு உரை எழுதுவதிலேயே காலம் கழித்தவர்கள்; நாட்டு வரலாறு எழுதுவதை அவர்கள் பெரிதாக மதித்ததில்லை. ஊரும் கல்லறைகளும் கைவிட்டுப் போன பின்னரே ‘நமக்கு நேர்ந்தது என்ன?’ என்று எழுதி வைக்கும் வேட்கை அவர்களுள் பலருக்குப் பிறந்தது. இஸ்பானியாவிலிருந்து துரத்தப்பட்ட பெற்றோருக்கு 1496இல் அவிஞ்ஞோன் நகரில் பிறந்தவர் யோசேப்பு ஹகோகேன். மருத்துவத் தொழில் செய்து இத்தாலியில் வாழ்ந்த இவர், 1550இல் ஜெனோவா நகரிலிருந்தும் தம் இனத்தாரோடு வெளியேற்றப்பட்டார். பிரெஞ்சு மன்னர், துருக்கிய மன்னர் ஆகியோரின் வரலாற்றை எபிரேயத்தில் எழுதி 1554இல் அச்சேற்றியவர், பின்னர் தம் மக்கள் பட்ட துன்பங்களைத் தொகுத்து வேறொரு நூல் யாத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘எமெக் ஹபாகா’. 84ஆம் சங்கீதத்தில், அதாவது நம் பழைய பதிப்புகளின் 83ஆம் சங்கீதத்தில், வரும் சொல் அது. கிருபை தயாபத்து மந்திரத்தில் நாம் அன்றாடம் சொல்லும் ‘கண்ணீர்க் கணவாய்’ என்பதும் அதுவே! அக்கணவாயில் அவர்களை அழ வைத்தவர்கள் நம் மந்திரத்தையே சொல்லிக்கொண்டிருந்தவர்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கூசுகின்றது.

இனி மலையாளக் கரைக்கு வருவோம்.

கொடுங்கல்லூரில் யூதர் எப்போது குடியேறினர் என்பது பற்றிய மரபுகள் பலவாகும். அவற்றைப் பின்னர் ஆராய்வோம். ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்கள் அங்கு வேரூன்றியிருந்தனர் என்பதில் ஐயமில்லை. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் அவர்கள் வாழ்வு நிலைகுலைந்தது. மூர் வணிகரின் தாக்குதல் ஒருபுறம். போர்த்துக்கீசியரின் கெடுபிடி மறுபுறம். கொச்சி அரசர் அவர்களுக்குத் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் கொடுத்தார். அரசரின் கோயிலுக்கு அருகே, 1568இல், பரதேசி யூதரின் செபக்கூடம் எழுந்தது. இந்து அரசர் ஒருவர் தம் கோயில் மதிலருகே யூதருக்கு இடம் கொடுத்த அதே காலத்தில் கோவாவில் என்ன நிகழ்ந்தது? 1560இல் அங்கே சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவில் அரிய நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மனம் திரும்பிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1568இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய சகோதரி கத்தரீனாள், மறைவில் யூத நெறியைக் கைக்கொண்டவர் என்று எரிக்கப்பட்டார். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர்.

கொச்சியிலும் நெருப்பு மூண்டது. 1662இல் ஒல்லாந்தர் கொச்சிக் கோட்டையை முற்றுகையிட்டு, பிடிக்க இயலாமல் திரும்பினர். ஒல்லாந்தருக்கு யூதர் உதவினர் என்று சினமுற்ற போர்த்துக்கீசியர், யூதர் தெருவைச் சூறையாடிச் செபக்கூடத்துக்குத் தீ வைத்தனர். அத்தீயில் தம் முன்னோரின் வரலாற்று ஏடு எரிந்து போயிற்று என்பது கொச்சி யூதரின் நீங்காத துயரம். 1663இல் ஒல்லாந்தர் மீண்டும் வந்து கோட்டையைக் கைப்பற்றிய பிறகு செபக்கூடத்தைப் புதுப்பித்தார்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கலாம், ஏட்டை?

பங்கில் இருப்பவர்களுக்கு இந்த இழப்பின் தன்மை எளிதில் விளங்கும். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் நான்கு ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டால், அந்த நான்கு ஏடுகளில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சான்று கேட்டு வரும்போது நாம் கைகளைப் பிசைந்து நிற்கிறோம். கிழவர் ஒருவரை அழைத்து, “உங்களுக்கு நினைவிருக்கிறதா தாத்தா?” என்று கேட்கிறோம். ஒரு சமூகம் முழுவதுமே அந்நிலைக்கு ஆளானால், நினைவைக் கொண்டு எழுதுவதைத் தவிர வேறு வழி ஏது?

அவ்வாறு எழுதியவரே எசெக்கியேல் ரஹபி. 1694இல் கொச்சியில் பிறந்தார். இவருடைய பாட்டனார் சீரியா நாட்டு அலெப்போ நகரிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சிக்கு வந்தவர். தந்தை தாவீது வணிகத்தில் பெயர் பெற்றவர். மகனோ ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமை வணிகராக விளங்கினார். மிளகுக் கொள்முதல் அவர் கையில் இருந்தது. கும்பெனியின் தாள்களில் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டார். கோழிக்கோட்டுச் சாமூதிரியிடமும் திருவிதாங்கூர் மன்னரிடமும் கும்பெனிக்காகத் தூது பேசினார்.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்குப் பழக்கமான சில பெயர்களை நினைவூட்ட விரும்புகிறோம். 1741இல் குளச்சலில் ஒல்லாந்தரை முறியடித்தவர் மார்த்தாண்ட வர்மர். அங்கே சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னரின் படைத்தலைவரான டி லனாய் என்பவர் வழியாகவே நீலகண்டபிள்ளை கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டார். தோற்ற ஒல்லாந்தரின் சார்பில் அதே மார்த்தாண்ட வர்மரிடம் பேச்சு நடத்தியவர்தாம் ரஹபி. புனிதரின் வரலாற்றை விரும்பிப் படிக்கும் நாம், அவர் காலத்து அரசியலில் ஒரு யூதர் உலவியதை அறியாமலே இருந்துவிட்டோம்.

ரஹபி தம் செல்வத்தைத் தம் மக்களுக்காகவும் செலவிட்டார். 1760இல் செபக்கூடத்தின் மணிக்கூண்டை எழுப்பினார். அதன் முகப்புகளில் எபிரேய எண்களும் இலத்தீன் எண்களும் மலையாள எண்களும் காணப்படுகின்றன. 1762இல் சீனத்திலிருந்து நீல ஓவியம் தீட்டிய ஓடுகளைத் தருவித்துத் தளம் பாவினார். இன்று மட்டாஞ்சேரிக்குச் செல்லும் பயணிகள் அத்தளத்தைத்தான் வியந்து பார்க்கிறார்கள். கொடுங்கல்லூர் வழக்கப்படியான செபநூலை 1757இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சிடச் செய்ததும் இவர் முயற்சியே. ஆயினும் இவற்றைவிட நம்மைக் கவர்வது 1768இல் அவர் எழுதிய ஒரு மடல்.

ஒல்லாந்து நாட்டின் ஹேக் நகரில் தோபியா போவாஸ் என்னும் யூதச் செல்வர் இருந்தார். மலையாளத்து யூதர் யார், எப்போது வந்தனர், எந்நெறியில் வாழ்கின்றனர் என்று அறிய விரும்பி அவர் கேள்விகள் அனுப்பினார். எழுபத்து நான்கு வயது முதியவராகிய ரஹபி அவற்றுக்கு எபிரேயத்தில் விடை எழுதினார். 1766இல் ஐதர் அலி மலையாள நாட்டினுள் படையெடுத்துப் புகுந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. மிளகு விலையையும் படைகளின் நடமாட்டத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மறு கண்ணால் பழங்காலத்தைத் துழாவியவர் அவர்.

அவரிடம் இருந்த ஆதாரங்கள் இரண்டு. ஒன்று வாய்வழி மரபு, மற்றொன்று செப்பேடு. எருசலேம் ஆலயம் உரோமையரால் அழிக்கப்பட்ட பின் பத்தாயிரம் யூதர் மலையாளக் கரை சேர்ந்தனர் என்பது மரபின் ஒரு வடிவம். மயோர்க்காத் தீவிலிருந்து எழுபது எண்பதாயிரம் பேர் வந்தனர் என்பது இன்னொரு வடிவம். செப்பேடு கி.பி. 379ஆம் ஆண்டில் சேரமான் பெருமாளால் வழங்கப்பட்டது என்றும், அதனால் யோசேப்பு ரப்பான் என்பவர் அஞ்சுவண்ணம் என்னும் நாட்டுக்கே அரசரானார் என்றும் கொச்சி யூதர் நம்பி வந்தனர்.

கல்வெட்டு அறிஞர் பின்னர் அச்செப்பேட்டை எழுத்தெழுத்தாகப் படித்தனர். மலையாள அகராதி தொகுத்த குண்டர்ட் பாதிரியாரும் அவருக்குப் பின் ஹுல்ச் என்னும் செருமானியரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்து, தன் ஆட்சியின் இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டில், இசுப்பு இரப்பான் என்பவருக்கு அளித்த கொடை அது. இசுப்பு என்பது யோசேப்பே. எழுபத்திரண்டு உரிமைகள் வழங்கப்பட்டன. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம் முதலியன அவற்றுள் அடங்கும். பிறர் அரசுக்குச் செலுத்தும் வரிகள் சிலவற்றிலிருந்து விலக்கும் உண்டு. ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் அவ்வுரிமை வழிவழியாகச் செல்லும் என்றும் எழுதப்பட்டுள்ளது. காலமோ கி.பி. 1000ஐ ஒட்டியது. அஞ்சுவண்ணம் என்பதும் நாடன்று. மேலைக்கடல் கடந்து வந்த வணிகரின் கூட்டமைப்பு என்றே ஆய்வாளர் இன்று கருதுகின்றனர்.

ஆக, மரபு சொன்ன காலத்துக்கும் செப்பேட்டின் காலத்துக்கும் அறுநூறு ஆண்டு இடைவெளி! இதைக் கொண்டு ரஹபியை எள்ளி நகையாடுவது தகாது. வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அக்காலத்தில் அரியர். 1771இல் கொச்சியின் ஆளுநராக வந்த ஒல்லாந்தர் அதிரியான் மூன்ஸ், ஒரே செப்பேட்டுக்குப் பல மொழிபெயர்ப்புகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தும் முடிவுக்கு வர இடர்ப்பட்டார். யூத அறிஞருள்ளும் பழங்கணக்கை ஐயுற்றவர் இல்லாமலில்லை. இத்தாலியில் மாந்துவா நகரத்து அசாரியா தே ரோசி என்பவர், உலகப் படைப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் யூதக் கணக்கு அத்துணைப் பழமையானதன்று என்று 1570களில் எழுதினார். அவருக்குக் கிடைத்த பரிசு கண்டனமே. அவர் நூலை இசைவு பெறாமல் படிக்கலாகாது என்று ரபிகள் சிலர் தடை விதித்தனர். நூலகங்களும் அச்சகங்களும் சூழ்ந்த மாந்துவாவில் வாழ்ந்தவருக்கே அந்நிலை என்றால், ஏடு எரிந்துபோன கொச்சியில் இருந்தவர் நினைவையே பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. புனித தோமையார் கொடுங்கல்லூரில் கரையிறங்கினார் என்று போற்றும் நாமும் மரபை நம்பி நிற்பவர்கள்தாமே!

கொல்லத்துக் கிறிஸ்தவரின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல். கி.பி. 849இல் வேணாட்டு ஐயனடிகள் அப்பள்ளிக்கு அளித்த கொடை அது. அதன் சாட்சிகளுள் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டிருக்கின்றனர். நம் நாட்டின் மிகப் பழைய திருச்சபை ஆவணம் ஒன்றுக்கு யூதர் சாட்சி! யூதரின் ஏட்டுக்கோ கிறிஸ்தவர் தீ. இதற்குமேல் நாம் எதுவும் கூற வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28இல் வெளியிட்ட ‘நம் காலத்தில்’ என்னும் அறிக்கை யூதர் மீதான பகைமையையும் கொடுமையையும் வெளிப்படையாகக் கண்டித்தது. கொச்சிச் செபக்கூடம் எரிந்து முந்நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து.

நிற்க. ரஹபியின் மடலில் நம்மை இன்னும் ஆழமாகத் தைப்பது வேறொரு பகுதி. கொச்சி யூதர் இரு பிரிவினர். பழங்காலம் முதல் அங்கே வாழ்ந்த மலபாரி யூதர் ஒரு சாரார். இஸ்பானியாவிலிருந்தும் சீரியாவிலிருந்தும் பின்னர் வந்த பரதேசி யூதர் மறு சாரார். பின்னவர் தம்மை ‘வெள்ளை யூதர்’ என்றும் முன்னவரைக் ‘கறுப்பு யூதர்’ என்றும் அழைத்தனர். பிந்தி வந்தவர்கள் முந்தி வந்தவர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. பரதேசியரின் வீடுகளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழியினரின் நிலை இன்னும் இழிவானது. அவர்களுக்குச் செபக்கூடத்தில் இருக்கையும் மறுக்கப்பட்டது.

16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு கெய்ரோ நகர் வரை சென்றது. அங்கிருந்த பெரிய ரபி தாவீது இப்னு சிம்ரா, முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்தபின் அவர்களை முழு யூதராக ஏற்று மணவுறவும் கொள்ளலாம் என்று தீர்ப்புரைத்தார். தீர்ப்பு வந்தது, நடைமுறைக்கு வரவில்லை. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொச்சிக்கு வந்த மோசே பெரைரா தெ பாய்வா, மறு ஆண்டு போர்த்துக்கீசிய மொழியில் வெளியிட்ட நூலில், தம்மை விருந்தோம்பிய வெள்ளை யூதரின் கூற்றையே பெரும்பாலும் பதிவு செய்தார். ரஹபியும் அவ்வழியே சென்றார். தாம் திருநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், கறுப்பர் எனப்படுவோர் மலையாளத்திலே மதம் மாறியும் அடிமைத்தளை நீங்கியும் யூதரானவர்கள் என்றும் எழுதினார். அவர்களுடைய சட்டமும் செபமும் எங்களுடையனவே என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை.

சட்டம் ஒன்று, செபம் ஒன்று. பந்தி மட்டும் வேறு! இதை வாசிக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் எவரும் கொச்சி யூதரை நோக்கிக் கல்லெறிய முடியாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872இல், இரு சாதியார் ஒருவரை ஒருவர் காணாதவாறு இரு கைகளாகப் பிரித்துக் கோவில் கட்டினார்கள். ‘கால்சட்டைக் கோவில்’ என்று ஊரார் பெயர் சூட்டினர். நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்கள் பற்றி இப்பக்கத்தில் எழுதினால் எங்கிருந்து கடிதங்கள் வரும் என்பதை நாம் அறிவோம், வரட்டும். ரஹபி தம் மக்களுக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் நாணயமான வணிகர், பொறுப்புள்ள தலைவர், இறைப்பற்றுள்ளவர் என்ற ஒருவர் பக்கத்துத் தெருவிலுள்ள தம் சகோதரரின் தொன்மையைத் தம் எழுத்தால் பறிக்க முடிகின்றது என்பதும் அம்மடலிலேயே உள்ளது. வரலாற்று ஏட்டை நெருப்பு மட்டுமே அழிப்பதில்லை.

ரஹபி 1771இல் காலமானார். அவர் மக்கள் வணிகத்தைத் தொடர்ந்தனர். எனினும் 1795இல் கொச்சி ஆங்கிலேயர் வசமானது. ஒல்லாந்தரோடு அக்குடும்பத்தின் செல்வாக்கும் மங்கியது. அவர் குறித்து வைத்த பிரிவினையோ மங்கவில்லை. 1882இல் பிறந்த ஆபிரகாம் பராக் சாலேம், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியில் வந்த வழக்குரைஞர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைச் செபக்கூடத்துக்குள்ளேயே கையாண்டு, தம்மவருக்கு இருக்கை உரிமை கேட்டுப் பல்லாண்டு போராடினார். மெல்ல மெல்ல இருக்கை கிடைத்தது. அவருடைய மகன் பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, திருமணத்தைக் கொச்சியில் நடத்த இயலாமல் பம்பாய்க்குச் செல்ல நேர்ந்தது.

இஸ்ராயேல் நாடு 1948இல் அமைந்த பின், குறிப்பாக 1950களில், மலபாரி யூதருள் மிகப் பெரும்பாலோர் அங்குச் சென்று குடியேறினர். பரதேசியரும் பின்னர் ஒவ்வொரு குடும்பமாகப் புறப்பட்டனர். 1968இல் இந்திரா காந்தி அம்மையார் கலந்துகொண்ட நானூறாம் ஆண்டு விழாவுக்குள்ளாகவே தெரு வெறிச்சோடத் தொடங்கியிருந்தது. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ராயேல் சென்றபோது, இசுப்பு இரப்பானின் செப்பேட்டுப் படியைத்தான் அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டு சென்றார். பொதுச் செபத்துக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூதரின் சட்டம். பிற்காலத்தில் பரதேசி செபக்கூடத்தில் அந்த எண்ணிக்கை சேரவில்லை. சீன ஓடு பாவிய அத்தளத்தில் பத்தாவது ஆளாக நிற்க, எறணாகுளத்திலிருந்து ஒரு மலபாரி யூதர் வரமாட்டாரா என்று அவர்கள் வாயிலைப் பார்த்துக் காத்திருந்தனர்.